கருங்கோழியின் மகளும் மகனும்

கோழி வளர்ப்பு நம்மவருக்குப் புதிதன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் பிழைப்பை நாடித் திருவனந்தபுரம் வந்து, வலியசாலையிலும் சாலைக் கடைவீதியை ஒட்டிய தெருக்களிலும் குடியமர்ந்த குடும்பங்கள் பல, நிலபுலன்களை ஊரிலேயே விட்டு வந்தன. ஆடுமாடுகளையும் விட்டு வந்தன. கோழியை மட்டும் விட மனம் வரவில்லை. கொல்லையில் நான்கு முழ இடம் இருந்தால் ஒரு பஞ்சாரமும் இரண்டு பெட்டைகளும் எப்படியோ வந்து சேர்ந்துவிடும். முட்டை விற்ற காசு இல்லத்தரசியின் கைக்காசு. அதற்குக் கணக்குக் கேட்பார் இல்லை.

அக்கொல்லைகளில் இப்போது கருங்கோழி ஆசை புகுந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்து ஜாபுவா வட்டாரத்தில் பில் பழங்குடியினர் காலங்காலமாக வளர்த்து வரும் கடக்நாத் என்னும் இனமே இங்குக் கருங்கோழி என்று வழங்குகிறது. இறகு மட்டுமன்று, தோல், கொண்டை, நாக்கு, கால், தசை, எலும்பின் மேலுறை ஆகிய யாவும் கருத்திருப்பது இதன் தனித்தன்மை. கருந்தசை என்று பொருள்படும் 'காலாமாசி' என்பது அந்நாட்டார் இதற்கு இட்ட பெயர். 2018ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இதன் இறைச்சி இன்ன நோய்க்கு மருந்து, இன்ன தளர்ச்சிக்கு மருந்து என்று சொல்லி விற்பவர்களும் உளர். அந்த மருத்துவப் பேச்சில் நாம் புகப்போவதில்லை. நோய்க்கு மருத்துவரையும் கறிக்குக் கோழியையும் நாடினால் போதும் என்பதே நம் எண்ணம். நாம் இங்கு எடுத்துக்கொண்டது வேறு கேள்வி. நாட்டுக்கோழிக்குக் கொடுப்பதைவிட மிகுந்த விலை கொடுத்து ஒருவர் கருங்கோழி வாங்குகிறார். அது தூய இனமா, கலப்பா என்பதை அவர் எவ்வாறு அறிவார்? 'கருத்திருந்தால் தூயது, வெளுத்திருந்தால் கலப்பு' என்பதே சந்தையில் வழங்கும் அளவுகோல். இந்த அளவுகோல் எத்துணைப் பொய்யானது என்பதைக் கோழிகளே காட்டிவிடுகின்றன.

இரண்டு வீடுகளை மனத்தில் கொள்வோம். முதல் வீட்டார் ஒரு கருஞ்சேவலை வாங்கி, மஞ்சள் கால் கொண்ட நாட்டுப் பெட்டைகளோடு விட்டார்கள். அடை வைத்துப் பொரித்த குஞ்சுகள் வளர்ந்தபோது, பெட்டைக் குஞ்சுகள் யாவும் முகமும் காலும் கருத்து அப்பனை உரித்து வைத்தாற்போல் இருந்தன. சேவற் குஞ்சுகளோ தோல் வெளுத்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கருமை படர்ந்திருந்தன. 'மகள் தந்தையைக் கொள்வாள், மகன் தாயைக் கொள்வான்' என்று வீட்டுப் பாட்டி தீர்ப்பு வழங்கினார். இரண்டாம் வீட்டாருக்குச் சேவல் வாங்கப் பணம் போதவில்லை. அவர்கள் ஒரு கரும்பெட்டையை மட்டும் வாங்கித் தங்கள் வீட்டு மஞ்சள் கால் சேவலோடு விட்டார்கள். அங்கே பொரித்தவற்றுள் மகளும் இல்லை, மகனும் இல்லை. ஒன்றுகூட முழுக்கருப்பாய் வரவில்லை. 'ஏமாற்றிவிட்டான் பாவி' என்று விற்றவனை வைதார்கள்.

பாட்டியின் தீர்ப்பும் சரியன்று. விற்றவன் மீது போட்ட பழியும் சரியன்று. இரு வீட்டிலும் வாங்கிய கோழி தூய கருங்கோழியாகவே இருந்திருக்கலாம். ஒரே விதி சேவல் வழியே ஒருவாறும், பெட்டை வழியே வேறொருவாறும் நடந்திருக்கிறது. அந்த விதியை விளக்குமுன், சேவல் வழி வந்தாலும் பெட்டை வழி வந்தாலும் ஒரே விதமாய் நடக்கும் ஒரு பண்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. அதற்கு நாம் ஜாபுவா வரை போக வேண்டியதில்லை, திருவனந்தபுரமே போதும்.

கழுத்தில் இறகில்லாத கோழியை இவ்வூரில் பார்த்திராதவர் அரியர். தலையில் ஒரு தொப்பி போல் இறகும், அதன் கீழ்ச் செந்நிறத்தில் வெறுங்கழுத்துமாகக் கழுகின் சாயலில் திரியும் அக்கோழியை அழகென்று எவரும் சொல்லார். ஆயினும் இந்தியக் கோழி இனங்களை விவரிக்கும் நூல்கள் வெறுங்கழுத்துக் கோழியின் தாயகமாகக் குறிப்பிடுவது திருவனந்தபுரம் வட்டாரத்தையே. ஐரோப்பாவில் டிரான்சில்வேனியாப் பகுதியும் இத்தகைய கோழிக்குப் பெயர் பெற்றது. வெப்ப நாட்டில் இதற்கொரு நன்மை உண்டு. இறகு குறைவாதலால் உடற்சூடு எளிதில் வெளியேறுகிறது. இறகு வளர்க்கச் செலவாக வேண்டிய புரதம் தசைக்குப் போகிறது. சித்திரை வெயிலில் மற்றக் கோழிகள் வாயைப் பிளந்து இரைக்கும்போது இது இரை பொறுக்கிக்கொண்டிருக்கும்.

இந்த வெறுங்கழுத்துப் பண்பு பெற்றோரிடமிருந்து எவ்வாறு இறங்குகிறது? ஒவ்வொரு பண்பையும் சுமந்து செல்லும் கூறுக்கு ஜீன் என்று பெயர். ஜீன்கள் குரோமோசோம் என்னும் நூலிழைகளில் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. பள்ளிப் பாடநூல்களில் இவற்றை நிறக்கோல் என்று படித்தவர்கள் நம்முள் இருக்கக்கூடும். கோழிக்கு 39 சோடி நிறக்கோல்கள் உள்ளன. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. வெறுங்கழுத்து ஜீன் மூன்றாம் நிறக்கோலில் இருக்கிறது. எடின்பரோ நகரை அடுத்த ராஸ்லின் ஆராய்ச்சி நிலையத்தார் 2011இல் அதன் செயலை விளக்கினார்கள். தோலில் இறகு முளைப்பதைத் தடுக்கும் ஒரு புரதம் இக்கோழியில் மிகுதியாகச் சுரக்கிறது; கழுத்துத் தோல் அத்தடைக்கு மற்ற இடங்களைக் காட்டிலும் எளிதில் இணங்கிவிடுகிறது.

இதில் ஓர் அருமை என்னவெனில், ஜீன் ஒன்றா இரண்டா என்பதைக் கண்ணாலேயே காணலாம். தாய் தந்தை இருவரிடமிருந்தும் அந்த ஜீனைப் பெற்ற கோழிக்குக் கழுத்து முழுதும் வெறுமை. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற கோழிக்கு முன்கழுத்தின் அடியில் ஒரு சிறு இறகுக் குஞ்சம் தொங்கும். முழு வெறுங்கழுத்துச் சேவலைச் சாதாரணப் பெட்டையோடு சேர்த்தால் குஞ்சுகள் யாவும் குஞ்சக் கழுத்தோடு வரும். மாற்றிச் சேர்த்தாலும், அஃதாவது வெறுங்கழுத்துப் பெட்டையைச் சாதாரணச் சேவலோடு சேர்த்தாலும், அதே குஞ்சக் கழுத்துத்தான். மகளென்றும் மகனென்றும் வேறுபாடு இல்லை. பின்னர்க் குஞ்சக் கழுத்துக் கோழிகளைத் தம்முள் சேர்த்தால் நான்கில் ஒன்று முழு வெறுங்கழுத்து, இரண்டு குஞ்சக் கழுத்து, ஒன்று சாதாரணக் கழுத்து என்ற விகிதம் வரும். மெண்டல் பாதிரியார் பட்டாணிச் செடியில் கண்டு 1866இல் அச்சிட்டாரே, அதே விகிதம். ஒரே அடையில் பன்னிரண்டு குஞ்சு பொரித்தால் 3, 6, 3 என்று வந்தே தீர வேண்டும் என்று எதிர்பார்க்கலாகாது. 5, 4, 3 என்றும் வரும். நான்கைந்து அடைகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் விகிதம் தெளிவாகும்.

சேவலையும் பெட்டையையும் இடம் மாற்றிச் சேர்த்து, மகளையும் மகனையும் தனித்தனியே எண்ணுவது என்னும் இந்த முறையே நமக்கு வேண்டிய திறவுகோல். மாற்றிச் சேர்த்தும் விளைவு மாறவில்லையென்றால், அப்பண்பின் ஜீன் ஆண் பெண் பாகுபாட்டோடு தொடர்பற்ற பொது நிறக்கோலில் இருக்கிறது. விளைவு மாறினால், நாம் வேறோர் இடத்தில் தேட வேண்டும்.

அந்த வேறோர் இடம் ஆண் பெண் என்பதை வகுக்கும் நிறக்கோற் சோடி. 39 சோடிகளுள் 38இல் சேவலுக்கும் பெட்டைக்கும் வேற்றுமை இல்லை. எஞ்சிய ஒரு சோடியில் சேவலுக்கு இஸட் என்னும் நிறக்கோல் இரண்டு உண்டு. பெட்டைக்கோ இஸட் ஒன்றும், டபிள்யூ என்னும் சிறிய நிறக்கோல் ஒன்றும் உள்ளன. இஸட்டில் உள்ள ஜீன்களுள் பெரும்பாலானவற்றுக்கு டபிள்யூவில் இணை கிடையாது. சேவலின் விந்து எல்லாம் இஸட்டையே சுமந்து வரும். பெட்டையின் கருமுட்டைகளுள் பாதியில் இஸட், பாதியில் டபிள்யூ. இஸட் முட்டையிலிருந்து சேவலும், டபிள்யூ முட்டையிலிருந்து பெட்டையும் உண்டாகின்றன. ஆகவே கோழியில் பிள்ளை ஆணா பெண்ணா என்பதை வகுப்பவள் தாய். மனிதரில் இது தலைகீழ். அங்கே அதை வகுப்பது தந்தையின் விந்து. பெண் குழந்தை பிறந்ததென்று மருமகளைக் குறை சொல்லும் மாமியார்கள் நம் குடும்பங்களில் இன்னும் ஒழிந்தபாடில்லை. கோழிக்குப் பொருந்தும் குற்றச்சாட்டை மனிதப் பெண்ணின் மேல் சுமத்துகிறோம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு பிறக்கிறது. பெட்டைக் குஞ்சுக்கு இஸட் ஒன்றே. அது தந்தையிடமிருந்து மட்டுமே வர முடியும். தாயின் இஸட் மகனுக்குப் போகுமேயன்றி மகளுக்குப் போகாது. மகனுக்கு இருவரிடமிருந்தும் ஒவ்வொன்று. எனவே இஸட்டில் இருக்கும் பண்பில், தந்தை எதைக் கொடுத்தாரோ அதை மகள் மறைக்க முடியாமல் காட்டிவிடுவாள். மகனிடத்தில் தாய் கொடுத்தது தந்தை கொடுத்ததை மூடி மறைத்துவிடக்கூடும்.

இனிக் கருங்கோழிக்கு வருவோம். இந்தப் புதிரை அவிழ்த்தவர்கள் இங்கிலாந்தில் கோழிகளை வைத்து ஆராய்ந்த பேட்சன், பன்னெட் என்னும் இருவர். கோழியின் கொண்டை வடிவம் மெண்டல் விதிப்படி இறங்குகிறது என்று 1902இலேயே காட்டியவர் பேட்சன். அவர்கள் எடுத்துக்கொண்டது கடக்நாத் அன்று. சீன நாட்டுப் பட்டுக்கோழி. அதன் இறகு வெண்பட்டுப் போலிருப்பினும் தோலும் தசையும் கருமை. அதைப் பழுப்பு லெகார்ன் இனத்தோடு இரு வழியாகவும் சேர்த்துப் பார்த்து 1911இல் முடிவை வெளியிட்டார்கள். பட்டுச்சேவலையும் லெகார்ன் பெட்டையையும் சேர்த்தபோது மகள்கள் கருத்தனர், மகன்கள் வெளுத்தனர். லெகார்ன் சேவலையும் பட்டுப்பெட்டையையும் சேர்த்தபோது மகளும் மகனும் வெளுத்தனர். நாம் கண்ட இரண்டு வீட்டுக் கதையும் இதுவே என்பதை வாசகர்கள் உடனே உணர்வார்கள். உலகத்தில் எங்கும் கோழிக்கு இரண்டு சட்டம் இல்லை.

அவர்கள் கூறிய விளக்கம் இது. இங்கே செயற்படுவது ஒரு ஜீன் அன்று, இரண்டு. முதலாவது கருமையை உண்டாக்கும் ஜீன். அது பொது நிறக்கோலில், இன்றைய அறிவின்படி 20ஆம் நிறக்கோலில் இருக்கிறது. ஒரு பிரதி இருந்தாலே தன் வேலையைச் செய்துவிடும். இரண்டாவது கருமையைத் தடுக்கும் ஜீன். அது இஸட் நிறக்கோலில் இருக்கிறது. தடை இருக்குமிடத்தில் முதலாவது ஜீன் இருந்தும் பயனில்லை; தோல் பெரும்பாலும் வெளுத்தே இருக்கும். வயலில் நீர் நிரம்பி நின்றாலும் மடை அடைத்திருந்தால் அடுத்த பாத்திக்குத் தண்ணீர் பாயாதது போல என்க. கருங்கோழியிடம் கருமை ஜீன் உண்டு, தடை இல்லை. மஞ்சள் கால் கோழியிடம் கருமை ஜீன் இல்லை, தடை உண்டு.

முதல் வீட்டில் நடந்ததை இப்போது எளிதில் கணக்கிடலாம். கருஞ்சேவல் எல்லாக் குஞ்சுக்கும் ஒரு கருமை ஜீனையும், தடையில்லாத ஓர் இஸட்டையும் கொடுத்தது. மகளுக்கு வேறு இஸட் இல்லை, ஆகவே தடையும் இல்லை, அவள் கருத்தாள். மகனுக்கோ தாயின் இஸட்டும் வந்தது; அதில் தடை இருந்தது; அவன் வெளுத்தான். இரண்டாம் வீட்டில் மஞ்சள் கால் சேவல் மகளுக்கும் மகனுக்கும் தடையுள்ள இஸட்டைக் கொடுத்துவிட்டது. கருமை ஜீன் அங்கே எல்லாக் குஞ்சுகளிலும் இருக்கிறது. ஒன்றிலும் முழுமையாக வெளித்தோன்றவில்லை. விற்றவன் பாவியல்லன், சேவலின் கால்தான் காரணம்.

கோழியின் கால் என்றோம். இதுகாறும் 'மஞ்சள் கால்' என்று அழுத்திச் சொல்லி வந்ததற்குக் காரணம் உண்டு. தடை ஜீன் இருக்கிறதா இல்லையா என்பதை நாட்டுக்கோழியின் காலைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். கால் தோலில் இரண்டு அடுக்குகள் உள்ளன. மேலடுக்கில் மஞ்சள் நிறம் படியலாம். அது இரையிலிருந்து வருவது. கீழடுக்கில் கருமை படியலாம். அது உடலே உண்டாக்குவது. மேலே மஞ்சள், கீழே ஒன்றுமில்லை என்றால் கால் மஞ்சள். இரண்டும் இல்லையென்றால் வெள்ளை. கீழே கருமை மட்டும் இருந்தால் நீலம் பாய்ந்த சாம்பல் நிறம். மேலே மஞ்சளும் கீழே கருமையும் சேர்ந்தால் பச்சை பாய்ந்த கால். இந்த நான்கு நிறத்தையும் நம் சாலைக் கடைவீதிக்கு வரும் கோழிக் கூடைகளில் ஒருவர் பொறுமையாகத் தேடிப் பார்க்கலாம். கீழடுக்குக் கருமையைத் தடுப்பது முன்பு கண்ட அதே இஸட் ஜீன். ஆகவே மஞ்சள் காலும் வெள்ளைக் காலும் தடை உண்டு என்பதற்கு அடையாளம். சாம்பல் காலும் பச்சைக் காலும் தடை இல்லை என்பதற்கு அடையாளம். குஞ்சுப் பருவத்தில் இது தெரியாது. சில வாரம் வளர விட வேண்டும். உடல் முழுதும் கறுப்பிறகு கொண்ட சில இனங்களில் மேலடுக்கிலும் கருமை படிந்து கணக்கைக் குழப்பும்; அவற்றை இந்தச் சோதனைக்கு எடுக்க வேண்டா.

மேலடுக்கின் மஞ்சளோ பொது நிறக்கோலைச் சார்ந்தது. அது ஒடுங்கிய பண்பு. தாய் தந்தை இருவரும் கொடுத்தாலன்றி வெளிப்படாது. ஆதலால் வெள்ளைக் கால் பெற்றோருக்கு மஞ்சள் கால் பிள்ளை பிறப்பதில் வியப்பில்லை. இந்த மஞ்சளைப் பற்றி 2008இல் வெளிவந்த செய்தி ஒன்று நமக்குத் தனி மகிழ்ச்சி தருவது. வீட்டுக்கோழியின் மூதாதை செந்நிறக் காட்டுக்கோழி என்பது பழைய முடிவு. ஆனால் மஞ்சள் கால் ஜீன் மட்டும் அதனிடமிருந்து வரவில்லை. தென்னிந்தியாவின் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று அறிஞர்கள் கண்டார்கள். அகத்தியமலைச் சரிவுகளில் விடியற்காலையில் கூவும் அதே கோழி. உலகெங்கும் பண்ணைகளில் கோடிக்கணக்கில் வளரும் மஞ்சள் கால் கோழிகள் அனைத்தும், அந்த ஒரு வகையில், நம் மலைக்காட்டுக்குக் கடன்பட்டவை.

இனி, பணம் கொடுத்து வாங்குகிறவர் கேட்கும் கேள்விக்கு வருவோம். முதல் வீட்டின் கருத்த மகளை ஒருவர் சந்தைக்குக் கொண்டு செல்கிறார் என்க. முகம் கறுப்பு, கால் கறுப்பு, நாக்கும் கறுப்பு. சந்தை அளவுகோலின்படி அது தூய கருங்கோழி. உண்மையில் அது பாதி நாட்டுக்கோழி. கருமை ஜீன் அதனிடம் ஒன்றுதான் உள்ளது. தூய கோழியிடம் இரண்டு இருக்கும். வாங்கியவர் அதை ஒரு தூய கருஞ்சேவலோடு சேர்த்தால் குஞ்சுகள் யாவும் கறுப்பாகவே வரும். ஏனெனில் சேவல் எல்லாவற்றுக்கும் ஒரு கருமை ஜீனைக் கொடுத்துவிடுகிறது; தடையும் எப்பக்கத்திலும் இல்லை. கலப்பு வெளியே தெரியாமலேயே ஒரு தலைமுறை கடந்துவிடும். பேரக்குஞ்சுகளைத் தம்முள் சேர்க்கும்போதே வெள்ளைத் தோல் எட்டிப் பார்க்கும். அதற்குள் இரண்டு மூன்று கை மாறி, யார் யாரை ஏமாற்றினார்கள் என்பதே தெரியாமற் போய்விடும். பலர் தெரியாமலேதான் விற்கிறார்கள். விற்பவன் பொய் சொல்லவில்லை; கோழியின் தோல்தான் முழு உண்மையைச் சொல்லவில்லை.

மறுபுறம், முதல் வீட்டின் வெளுத்த மகனைப் பயனற்றதென்று அறுத்துவிடுகிறார்கள். அதனிடமும் அக்காள் தங்கையரிடம் உள்ள அதே ஒரு கருமை ஜீன் உண்டு. அந்த மகனையும் கருத்த மகளையும் தம்முள் சேர்த்தால், பதினாறு குஞ்சுக்கு ஆறு என்ற கணக்கில் கறுப்பு வரும். அவற்றுள் ஆணும் பெண்ணும் சமமாக இருக்கும். அந்த ஆறிலும் இரண்டே இரண்டுதான் இரட்டைக் கருமை ஜீன் பெற்றவை. மற்ற நான்கும் கண்ணுக்குக் கறுப்பு, கணக்கில் பாதி. பாட்டியின் தீர்ப்பு இத்தலைமுறையில் முற்றாகப் பொய்த்துப் போவதையும் கவனிக்க வேண்டும். மகள் தந்தையைக் கொள்வாள் என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை.

அப்படியானால் கருத்த கோழி ஒன்றைச் சோதித்து அறிய வழியே இல்லையா? உண்டு. ஆனால் சேவலுக்கு ஒரு வழி, பெட்டைக்கு வேறொரு வழி. முழுக்கருப்பாய் இருக்கிற கோழியிடம் தடை ஜீன் இல்லை என்பது அதன் கருமையிலிருந்தே உறுதி. அதனிடம் கருமை ஜீன் ஒன்றா இரண்டா என்பது மட்டுமே ஐயம்.

சேவலைச் சோதிக்க மஞ்சள் கால் அல்லது வெள்ளைக் கால் நாட்டுப் பெட்டைகள் போதும். பிறக்கும் மகன்களைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. அவர்கள் எப்படியும் வெளுத்தே வருவார்கள். மகள்களை மட்டும் பார்க்க வேண்டும். சேவல் இரட்டை ஜீன் உடையதாயின் மகள் ஒவ்வொன்றும் கறுப்பு. ஒற்றை ஜீன் உடையதாயின் மகள்களிற் பாதி வெளுப்பு.

பெட்டையைச் சோதிக்க அதே மஞ்சள் கால் சேவலை விட்டால் ஒன்றும் தெரியாது. இரண்டாம் வீட்டார் கண்டது போல, தூய பெட்டையாயினும் கறுப்பு வராது. அதற்குச் சாம்பல் கால் அல்லது பச்சைக் கால் கொண்ட, ஆனால் கொண்டை சிவந்து தோல் வெளுத்த நாட்டுச் சேவல் வேண்டும். அச்சேவலிடம் தடையும் இல்லை, கருமை ஜீனும் இல்லை. அதனோடு சேர்த்த பெட்டை தூயதாயின் மகளும் மகனும் ஒன்று விடாமல் கறுப்பாய் வரும். கலப்பாயின் பாதிக் குஞ்சுகள் கறுப்பு, பாதி வெளுப்பு. ஒரு வெளுத்த குஞ்சு வந்தாலே வழக்கு முடிந்தது. எல்லாம் கறுப்பென்றால் எத்தனை குஞ்சு பார்த்தபின் நம்பலாம்? கலப்புப் பெட்டைக்கும் தற்செயலாக வரிசையாய்க் கருங்குஞ்சுகள் பொரிக்கக்கூடும். நான்கு குஞ்சும் கறுப்பாய் வரும் வாய்ப்பு 16இல் ஒன்று. எட்டும் கறுப்பாய் வரும் வாய்ப்பு 256இல் ஒன்று. எட்டுக் குஞ்சு பார்த்தவர் நிம்மதியாய் உறங்கலாம். கருமையின் ஆழம் கோழிக்குக் கோழி சற்று ஏறியும் இறங்கியும் இருக்குமாதலால், ஐயமான குஞ்சைச் சில வாரம் வளர விட்டு, நாக்கையும் முகத்தோலையும் பார்த்துத் தீர்மானிப்பது நன்று. இச்சோதனை சொல்வது கருமை ஜீனைப் பற்றி மட்டுமே. மற்றப் பண்புகளில் அது முழுக் கடக்நாத்தா என்பது வேறு கேள்வி.

கோழி என்ற பேச்சே எழாத அக்கிரகாரத்து வீடுகள் வலியசாலையில் பல இருக்க, இவ்வளவும் எழுதிவிட்டோமே என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அவ்வீட்டுச் சிறுவர்கள் வளர்க்கும் பறவைக் கூண்டிலும் இதே சட்டம் நடக்கிறது. 'லவ் பேர்ட்ஸ்' என்று இங்கு விற்கப்படும் ஆஸ்திரேலியக் குறுங்கிளிகளில் நீல நிறம் பொது நிறக்கோலில் உள்ள ஒடுங்கிய பண்பு. பச்சைக் கிளி இரண்டுக்கு நீலக் குஞ்சு பிறந்தால், அது ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். சிவந்த கண்ணோடு உடல் முழுதும் மஞ்சளாக வரும் கிளியின் பண்போ இஸட்டில் இருப்பது. மஞ்சள் ஆணையும் பச்சைப் பெண்ணையும் சேர்த்தால் மகள்கள் எல்லாம் மஞ்சள், மகன்கள் எல்லாம் பச்சை. இணையை மாற்றிச் சேர்த்தால் எல்லாம் பச்சை. இதைத் தெரிந்துகொண்ட சிறுவன், கூட்டிலிருந்து குஞ்சு தலை நீட்டும்போதே ஆண் இது, பெண் இது என்று சொல்லிப் பெரியவர்களை வியக்கச் செய்யலாம்.

வியப்புக்கு மட்டுமன்றிப் பெருந்தொழிலுக்கும் இது பயன்பட்டது. அமெரிக்காவில் ஸ்பில்மன் என்பவர் 1908இலேயே, வரியிறகு கொண்ட பிளிமத்ராக் கோழியின் வரிப்பண்பு ஆண் பெண் பாகுபாட்டோடு இணைந்து இறங்குகிறது என்று காட்டினார். முதல் உலகப்போரில் உணவு முடை நேர்ந்தபோது, முட்டையிடாத சேவற் குஞ்சுக்குத் தீனி வீணாகாதபடி, குஞ்சின் நிறத்தைக் கொண்டே ஆண் பெண் பிரிக்கும் வழியைப் பன்னெட் எடுத்துரைத்தார். கோழியில் ஜீன்கள் ஒன்றோடொன்று இணைந்து இறங்குவது பற்றி 1921இல் எழுதிய ஹால்டேன், 1957இல் இங்கிலாந்தை விட்டு இந்தியாவுக்குக் குடியேறி, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார். பிறந்த மண்ணை விட்டு வந்தவர் என்ற முறையில் அவரும் நம்மினத்தவரே.

சோதனையில் இறங்க விரும்புவோர்க்கு ஒரு செய்தி. பெட்டையின் உடலில் பழைய சேவலின் விந்து இரண்டு மூன்று வாரம் உயிரோடு தங்கி முட்டைகளைக் கருவுறச் செய்யும். ஆகவே சோதிக்க வேண்டிய பெட்டையை முதலில் நான்கு வாரம் தனிப் பஞ்சாரத்தில் அடைத்து, அந்நாளில் இடும் முட்டைகளைச் சமையலுக்கு அனுப்பிவிட வேண்டும். பின்னரே சாம்பல் கால் சேவலை உள்ளே விடலாம். முட்டைகளின் மேல் கரிக்கோலால் தேதி எழுதி, பொரித்தபின் குஞ்சுகளின் காலில் வண்ண நூல் கட்டி, வாரத்துக்கு ஒரு முறை அந்நூலைத் தளர்த்திக் கட்டி வர வேண்டும். இல்லாவிடில் வளரும் காலை நூல் அறுத்துவிடும். அடைகாக்க 21 நாள், தோல் நிறம் தெளிய மேலும் சில வாரம். வைகாசியில் தொடங்கினால் ஓணத்துக்கு முன் விடை கைக்கு வந்துவிடும்.